மரம் இழுக்கும் விஞ்சு: கடன் கொடுக்கும் முன் நாம் கேட்க வேண்டியவை

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் செயற்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வரவு செலவு எல்லாம் படித்து முடித்தாச்சு. அடுத்து நிகழ்ச்சி நிரலில் ‘விஞ்சு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பாதிப் பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறீர்கள். பட்டறை சமாச்சாரம் நமக்கு எதுக்கு என்று பின்வரிசையில் பேச்சும் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். நம் கூட்டமைப்பில் மூன்று குழுக்கள் சேர்ந்து, டிராக்டரில் ஓடுகிற விஞ்சு ஒன்றை உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ளக் கடன் கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். பணம் நம்முடைய பணம். அந்த மிஷினுக்குப் பக்கத்தில் நின்று மரத்தில் சங்கிலி கட்டப் போவதும் நம்மில் நாலு பேர்தான். அதனால் இதை நாம் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட முடியாது.

எதுக்கு இந்த யோசனை வந்தது என்பது நம் பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு எங்கும் தென்னந்தோப்பு படுத்துக் கிடந்தது. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. ஆனால் அகற்றுவது யார், எதை வைத்து? மழைத் தண்ணி நின்ற தோப்புக்குள் டிராக்டர் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். ஜே.சி.பி.க்கு வரிசை. மாசக்கணக்கில் மரம் கிடந்தது. கிடந்த மரம் சும்மா கிடக்குமா? மக்குகிற தென்னங்கட்டை காண்டாமிருக வண்டு முட்டை வைக்கிற தொட்டில். அந்த வண்டு வளர்ந்து பறந்து போய்த் தப்பித்து நின்ற மரத்தின் குருத்தைத் துளைத்தது. காயம் பட்ட மரத்தைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வந்தது. விழுந்த மரம் நின்ற மரத்தையும் சேர்த்துச் சாய்த்த கதை அது.

புயல் வராத வருஷத்திலும் வேலை இருக்கிறது. காய்ப்பு ஓய்ந்த கிழட்டு மரம், சவுக்கு, தைல மரம் எல்லாம் வெட்டுகிறோம். சூளைக்குப் போகிற கட்டையைத் தோப்பின் நடுவிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவருவதுதான் பாடு. முழு நீளப் பச்சைத் தென்னை ஒரு டன்னைத் தொடும். ஆளை வைத்து உருட்டினால் இடுப்பு போகிறது. துண்டு போட்டால் விலை போகிறது.

விஞ்சு என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. புதுக்கோட்டைப் பக்கம் கிணறு வெட்டுகிற இடத்தில் மண்வாளியை மேலே இழுக்குமே, கம்பிக் கயிறு சுற்றுகிற உருளை, அதேதான். டிராக்டர் ரோட்டோரமோ கெட்டியான வரப்போரமோ அசையாமல் நிற்கும். ஐம்பது மீட்டர் கயிறு உள்ளே போய் மரத்தைக் கவ்வும். உருளை சுற்றச் சுற்ற மரம் நம்மிடம் வரும். டிராக்டர் தோப்புக்குள் இறங்கவே வேண்டாம். இருக்கிற கன்று மிதிபடாது, வாய்க்கால் உடையாது.

உருளையைச் சுற்ற வைப்பது டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு. ஓட்டுநர்கள் பி.டி.ஓ. என்பார்கள். ரோட்டவேட்டர் ஓட்டுவதும் இதுதான். நிமிடத்துக்கு 540 சுற்று. இந்த 540ஐ மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

நாங்கள் ஐந்து பேர் பட்டறைக்குப் போய்ப் பார்த்தோம். பழைய மினி லாரியின் பின் அச்சு ஒன்றைக் காட்டினார் பட்டறைக்காரர். நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டையாக இருக்கும், டிஃபரன்ஷியல் என்கிறார்கள். “இதுல கயிறு உருளையை மாட்டிடலாம்க்கா, நல்லா இழுக்கும்” என்றார். எவ்வளவு வேகத்தில் இழுக்கும் என்று கேட்டோம். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா, டிரைவர் பாத்துக்குவார்” என்றார். வட்டிக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு வராதா? சாக்பீஸ் கேட்டு வாங்கி அவர் பட்டறைத் தரையிலேயே போட்டோம்.

அந்த அச்சில் பல்சக்கரக் கணக்கு ஏறத்தாழ ஆறுக்கு ஒன்று. 540ஐ ஆறால் வகுத்தால் 90 சுற்று. உருளை 20 சென்டிமீட்டர் அகலம் என்றால் ஒரு சுற்றுக்கு 63 சென்டிமீட்டர் கயிறு ஏறும். 90 சுற்றுக்கு நிமிடத்துக்கு 57 மீட்டர். நாம் சாதாரணமாக நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு டன் மரம் அந்த வேகத்தில் வந்தால் வழியில் நிற்பவர் விலக நேரம் இருக்காது.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அச்சுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் உருளை மாட்டுவார்கள், மறுபக்கத்தை என்ன செய்வார்கள்? உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களைப் பற்றவைத்துப் பூட்டிவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாக 90 சுற்று சுற்றும். பூட்டாமல் மறுபக்கத்தை மட்டும் அசையாமல் நிறுத்தினால், அந்தப் பக்கத்துச் சுற்றும் இந்தப் பக்கம் வந்துவிடும். உருளை 180 சுற்று சுற்றும், இழுவிசை பாதியாகும். நிமிடத்துக்கு 113 மீட்டர்! கிட்டத்தட்ட ஓட்டம். “எந்த முறையில் செய்யப் போறீங்க?” என்று கேட்டபோதுதான் பட்டறைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நம் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

எது நல்லது? பூட்டுகிற முறை மலிவு, உறுதி. ஆனால் நிறுத்த வேண்டுமென்றால் டிராக்டர் கிளட்சு ஒன்றுதான் வழி. ஓட்டுநர் அரை நிமிஷம் இறங்கி பீடி பற்ற வைக்கப் போனால் முடிந்தது. இரண்டாவது முறையில் மறுபக்கத்தில் அந்த வண்டியின் பழைய பிரேக்கை அப்படியே வைக்கிறார்கள். சேற்றில் லாரி மாட்டினால் பார்த்திருப்பீர்கள். வழுக்குகிற சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், கெட்டி மண்ணில் இருக்கும் சக்கரம் அசையாது. அதேதான் இங்கேயும். பிரேக்கை விட்டால் வெறும் பக்கம் சும்மா சுற்றும், கயிறு உருளை நின்றுவிடும். பிரேக்கைப் பிடித்தால் வெறும் பக்கம் நிற்கும், உருளை இழுக்கும். அதாவது கையால் பிடித்திருக்கும் வரைதான் மரம் வரும். கையை எடுத்தால் இழுப்பு போய்விடும். நம் மாதிரி நாலு பேர் சுற்றி நின்று செய்கிற வேலைக்கு இதுதான் சரி என்பது எங்கள் கருத்து. நெம்புகோலில் ஸ்பிரிங் வைத்து, கை எடுத்ததும் தானாக விடுபடும்படி செய்யச் சொல்லியிருக்கிறோம். கம்பி போட்டு மாட்டி வைக்க ஒரு கொக்கிகூட இருக்கக் கூடாது. இருந்தால் நம்ம ஆட்கள் மாட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

வேகத்தைக் குறைக்க இடையில் ஒரு சங்கிலிச் சக்கரம். டிராக்டர் பக்கம் 15 பல், அச்சுப் பக்கம் 45 பல். மூன்றில் ஒரு பங்காகிவிடும். உருளை 60 சுற்று, கயிறு நிமிடத்துக்கு 38 மீட்டர். இன்ஜின் வேகத்தைப் பாதியாக்கினால் 19 மீட்டர். மெதுவாக நடந்தபடி கூடவே பார்க்கலாம். 35 குதிரைச் சக்தி டிராக்டரில் இந்தக் கணக்குக்குத் தேய்மானம் போக மூன்று டன் அளவுக்கு இழுவிசை கிடைக்கும். தரையில் இழுபடும் மரத்துக்கு அதன் எடை முழுவதும் இழுவிசை தேவைப்படாது. வேரிலோ குழியிலோ மாட்டினால்தான் விசை எகிறும்.

அப்படி எகிறும்போது ஏதாவது ஒன்று உடைந்தாக வேண்டும். எது உடைய வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கயிறு உடையக் கூடாது. 12 மில்லி கம்பிக் கயிறு புதுசாக இருக்கும்போது எட்டு டன் அளவுக்குத் தாங்கும். நம் மூன்று டன்னுக்கு அது போதும். பத்து மில்லியில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பி.டி.ஓ. தண்டோடு சேரும் இடத்தில் ஒரே ஒரு சாதாரண இரும்பு போல்ட் வைத்து, அதுதான் முதலில் அறுபடும்படி செய்ய வேண்டும். சில ரூபாய் போல்ட் அறுந்தால் வேறு மாட்டிக்கொள்ளலாம். அது அடிக்கடி அறுகிறது என்று ஒருத்தர் கெட்டி போல்ட்டை மாட்டுவார் பாருங்கள், அன்றைக்குத்தான் கயிறு அறும்.

இழுபட்டு நிற்கும் கம்பிக் கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும். கண்ணுக்குத் தெரியாது, சத்தம் கேட்கும்போது அது வந்து சேர்ந்திருக்கும். ஈரச் சாக்கைக் கயிற்றின் நடுவில் போட்டால் வேகம் குறையும் என்கிறார்கள். கொஞ்சம் உதவும், போடுங்கள். அதை நம்பிப் பக்கத்தில் நிற்காதீர்கள். கயிறு எவ்வளவு நீளம் வெளியே இருக்கிறதோ அதைவிட அதிக தூரத்தில், பக்கவாட்டில் நிற்க வேண்டும். கயிற்றைத் தாண்டக் கூடாது, அதன் நேர்கோட்டிலும் நிற்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளை அன்றைக்குத் தோப்புப் பக்கமே கொண்டு வராதீர்கள்.

கயிற்றைத் திருப்ப கப்பி போடுவார்கள். கிணற்றுச் சகடைதான், கொஞ்சம் பெருசு. கயிறு கப்பியில் மடங்கி இரண்டு பக்கமும் போகும்போது, கப்பியைக் கட்டிய மரத்தின் மேல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பாரம் விழும். நம் தோப்பில் கைக்கு எட்டுவது தென்னைதான். அதில் கட்டாதீர்கள். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். புயலில் ஆடிய மரம் என்றால் கேட்கவே வேண்டாம். புளி, வேம்பு மாதிரி மரம் பாருங்கள். இல்லையென்றால் கனமான கட்டை ஒன்றைக் குறுக்காகக் குழியில் புதைத்து அதில் கட்டலாம். மடங்கிய கயிற்றின் உள்பக்க மூலையில் யாரும் நிற்கக் கூடாது, கப்பி பிய்த்துக்கொண்டு வந்தால் அந்த மூலை வழியாகத்தான் வரும்.

இப்போது அந்த 540க்குத் திரும்ப வருவோம். நிமிடத்துக்கு 540 என்றால் வினாடிக்கு 9 சுற்று. பி.டி.ஓ. தண்டிலிருந்து விஞ்சுக்குப் போகிற இணைப்புத் தண்டில் இரண்டு முனையிலும் ஜாயிண்ட் இருக்கும். பத்து சென்டிமீட்டர் அகலம், அதில் போல்ட்டும் முனையும் துருத்திக்கொண்டிருக்கும். ஒரு சுற்றுக்கு 31 சென்டிமீட்டர், ஒன்பது சுற்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். நம் சேலை ஐந்தரை மீட்டர். முந்தானை நுனி பட்டால் இரண்டே வினாடி. “ஐயோ” என்று ஒருத்தர் கத்தி, அது ஓட்டுநர் காதில் விழுந்து, அவர் கால் கிளட்சுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், ஆண்களின் வேட்டி, தோள் துண்டு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கதிரடிக்கும் மிஷினில் கையும் முடியும் போன கதைகள் நாட்டில் எத்தனையோ. அதுக்காகவே 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பட்டறையில் செய்கிற விஞ்சை எந்த ஆபீசரும் தேடி வந்து பார்க்கப் போவதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

அதனால் இணைப்புத் தண்டு முழுவதையும் ஒரு குழாய்க்குள் விட வேண்டும். குழாய் சுற்றக் கூடாது, இரண்டு முனையிலும் சட்டத்தோடு போல்ட் போட்டு அசையாமல் நிற்க வேண்டும். உள்ளே தண்டு மட்டும் சுற்றட்டும். ஜாயிண்ட் இருக்கும் இடத்தில் தகரக் கூண்டு. சங்கிலிச் சக்கரத்துக்கும் மூடி. இதைக் கேட்டதும் பட்டறைக்காரர் “கிரீஸ் வைக்கிறப்ப இடைஞ்சலா இருக்கும்க்கா, எல்லாரும் கழட்டித்தான் போடுவாங்க” என்றார். கிரீஸ் வைக்கக் கை நுழைய ஒரு சின்னக் கதவு வையுங்கள் என்றோம். சரி என்றார். வயல் வேலைக்குச் சேலைக்கு மேல் சட்டை போட்டு வரிந்து கட்டிக்கொள்கிறோமே, அதே மாதிரி வாருங்கள், தலைமுடியைத் துண்டுக்குள் கட்டிக்கொள்ளுங்கள். மூடி இருக்கிறதே என்று தண்டைத் தாண்டிப் போவதும் கூடாது. சுற்றிப் போனால் பத்து அடிதான்.

இன்னொரு பழக்கத்தை இன்றோடு விட வேண்டும். விஞ்சு இல்லாமல் சங்கிலியை டிராக்டரில் கட்டி நேராக ஓட்டி இழுக்கிறார்கள். கீழே இருக்கும் கொக்கியில் கட்டினால்கூடப் பரவாயில்லை. மேலே டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் கட்டினால் மரம் எங்காவது மாட்டிய நொடியில் முன் சக்கரம் தூக்கிவிடும். கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் டிராக்டர் ஓட்டுநர் மேல் கவிழும். அந்த ஓட்டுநர் நம் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பான். விஞ்சிலும் இதே ஆபத்து உண்டு. அதனால் விஞ்சுச் சட்டத்தின் அடியில் அகலமான கனத் தகடு ஒன்று வேண்டும். இழுக்கும்போது ஹைட்ராலிக்கை இறக்கி அதைத் தரையில் ஊன்ற வேண்டும். இழுவிசை முழுவதும் தகடு வழியாக மண்ணுக்குப் போகும், டிராக்டரைத் தூக்காது. கயிறு உருளைக்குள் போகிற வாய் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. டிராக்டர் மரத்துக்கு நேராக நிற்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் சாய்ந்துவிடும்.

மற்ற சில்லறைச் சங்கதிகள். மரத்தைச் சுற்றிக் கட்ட சங்கிலி போடுங்கள், கம்பிக் கயிற்றால் முடிச்சுப் போட்டால் கயிறு மடிந்து கெட்டுவிடும். கயிற்று நுனியில் வளையம் செய்ய குறைந்தது மூன்று கிளாம்ப் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி. கிளாம்பின் தட்டைப் பகுதி பாரம் தாங்குகிற கயிற்றின் மேல் உட்கார வேண்டும், வளைந்த போல்ட் வெறும் நுனிப் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்குகிற கயிறு நசுங்கும். உருளையில் எப்போதும் நாலு சுற்றாவது மிச்சம் இருக்கட்டும். மரத்தின் முன்முனை மண்ணைக் குத்திக்கொண்டு வராமல் இருக்க, பழைய தார் டிரம்மைப் பிளந்து அடியில் கொடுத்தால் படகு மாதிரி வழுக்கி வரும். கயிற்றை வெறுங்கையால் தடவாதீர்கள், அறுந்த இழை ஊசி மாதிரி ஏறும். துணியால் தடவினால் இழை எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே துணி மாட்டும். ஒரு சாண் நீளத்துக்குள் ஐந்தாறு இழை அறுந்திருந்தால் அந்தக் கயிற்றின் ஆயுள் முடிந்தது. துணி காயப்போடக் கட்டிக்கொள்ளுங்கள்.

சரிவான இடத்தில் இந்த விஞ்சு வேண்டாம். பிரேக்கை விட்டால் உருளை விடுபடும் என்று சொன்னோமே, சரிவில் மரம் அதையும் இழுத்துக்கொண்டு கீழே ஓடும். நம் ஊர் சமதரை, கவலையில்லை. கொல்லிமலைப் பக்கம் சம்பந்தி வீட்டுக்காரர் வாடகைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனிக் கடன் விஷயம். செயற்குழுவில் இரண்டு கருத்து வந்தது. மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். வருஷத்தில் எத்தனை நாள் வேலை என்று மூன்று குழுவும் கணக்கு எழுதித் தரட்டும் என்றார்கள் சிலர். எழுதித் தந்தார்கள். யார் தோப்பில் எத்தனை மரம் இந்த வருஷம் வெட்டுவார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், நல்ல வேலை. அதில் மழை மாசத்தைக் கழிக்கச் சொன்னோம். கயிறு தேய்மானத்துக்கு ஒவ்வொரு வாடகையிலும் ஒரு பங்கு தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்றும் சேர்த்தோம். டிராக்டர் ஒரு உறுப்பினர் வீட்டுடையது. நாள் வாடகை எவ்வளவு, டீசல் யாருடையது என்று அந்த மதினியிடம் எழுத்தில் வாங்கியாச்சு. உறவு வேறு, கணக்கு வேறு.

பணம் இரண்டு தவணையாகப் போகும். இரும்பு, அச்சு, கயிறு ஒவ்வொன்றுக்கும் தனி பில் வந்தால் முதல் தவணை. வேலை முடிந்ததும் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் ஒருவரை வந்து பார்க்கக் கேட்போம். பிறகு மூன்று குழுவும் இருக்கும்போது சோதனை. மரத்தை இழுப்பது போல் அல்ல, அசையாத புளிய மரத்தில் கட்டி மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லோரும் எட்டத்தில், பக்கவாட்டில். நெம்புகோலிலிருந்து கையை எடுத்ததும் கயிறு தொய்கிறதா? முட்டி நிற்கும்போது சின்ன போல்ட் அறுகிறதா? முன் சக்கரம் தரையில் இருக்கிறதா? குழாய் மூடி சுற்றாமல் நிற்கிறதா? நாலுக்கும் ஆம் என்றால் அன்றைக்கே இரண்டாம் தவணை. ஒன்று இல்லையென்றாலும் அது பட்டறைக்கே திரும்பும்.

வேலை நாளில் ஓட்டுநருக்குச் சைகை காட்டுவது ஒரே ஒருத்தர். இன்ஜின் சத்தத்தில் ஆளாளுக்குக் கத்தினால் ‘இழு’ என்பதும் ‘விடு’ என்பதும் ஒன்றுபோலக் கேட்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் நிறுத்து. அதை மட்டும் யார் காட்டினாலும் ஓட்டுநர் நிறுத்த வேண்டும், ஏன் எதுக்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். மூன்று குழுவும் சைகை காட்ட ஆளுக்கு ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து, பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொடுங்கள். டீ வர இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது, அதற்குள் எழுதிவிடலாம். கேள்வி இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள்.